ஆறு சால் மணிலா, ஒரு சால் துவரை: உழவர்களோடு கூட்டாய்வு தொடங்க நினைக்கும் சென்னைக்காரர்களுக்கு

சென்னையில் அது வேர்க்கடலை. செங்கல்பட்டைத் தாண்டினால் மணிலா. திண்டிவனம் நெருங்க நெருங்க மல்லாட்டை ஆகிவிடும். இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அச்சிறுப்பாக்கத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில், கையில் அச்சடித்த காகிதத்தோடு, “வேர்க்கடலையில் ஊடுபயிர்” என்று நான் பேசத் தொடங்கினேன். வரப்பில் உட்கார்ந்து களைக்கொத்துக்குக் காம்பு இறுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், “அது எந்த ஊர்ப் பயிர், தம்பி?” என்று கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை.

அந்த ஊரில் ஆறு உழவர்களும் சென்னையிலிருந்து நாங்கள் நான்கு பேருமாகச் சேர்ந்து, இயற்கை முறையில் எண்ணெய்வித்துப் பயிர்களோடு எதை ஊடுபயிராகப் போடலாம் என்று சில ஆண்டுகளாகச் சோதித்துவருகிறோம். எங்களில் ஒருவருக்கும் வேளாண்மைப் பட்டம் கிடையாது. “நாங்களும் இப்படி ஏதாவது செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது?” என்று கேட்பவர்கள் பெருகிவிட்டதால் இதை எழுதுகிறேன். எள் காய்வது எண்ணெய்க்கு, கூடவே எலிப்புழுக்கை எதற்குக் காய்கிறது என்று ஒரு பழமொழி உண்டு. நகரத்திலிருந்து வயலுக்குப் போகும் ஒவ்வொருவரும் பயணத்தின்போது அதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

கூட்டாய்வு என்பது செயல்விளக்கத் திடல் அன்று. செயல்விளக்கத்தில் விடை முன்பே தெரியும். அதை உழவருக்குக் காட்டுகிறார்கள். கூட்டாய்வில் விடை இரு தரப்புக்கும் தெரியாது. உழவரும் நீங்களும் சேர்ந்து கேள்வி கேட்டு, சேர்ந்து அளந்து, வந்த முடிவை ஏற்றுக்கொள்கிறீர்கள். பிடிக்காத முடிவு வந்தாலும்தான்.

எண்ணெய்வித்து ஏன் என்று கேட்டால், நாம் சமையலுக்கு ஊற்றும் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. இதைக் குறைப்பதற்காக 2024 அக்டோபரில் மத்திய அரசு ரூ.10,103 கோடியில் எண்ணெய்வித்துகளுக்கான தேசிய இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-31 வரை நடக்கும் அந்தத் திட்டத்தில் ஊடுபயிரும் ஒரு வழியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. திட்டம் இருக்கட்டும். நீங்கள் சோதனைக்கு எடுக்கப்போகும் ஐந்து சென்ட் பாத்திக்கு வருவோம்.

கேள்வியை ஊரில் கேட்டு வாங்குங்கள்

“ஊடுபயிர் நல்லதா?” என்பது ஆராய்ச்சிக் கேள்வி ஆகாது. எந்த விதைப்புப் பட்டத்தில், எந்த மண்ணில், எதோடு எதை, எத்தனை சாலுக்கு (சால் என்றால் விதைப்பு வரிசை) எத்தனை சால் என்று குறுக்கிக்கொண்டே வந்தால்தான் அளக்கக்கூடிய கேள்வி கிடைக்கும். நாங்கள் பத்துக் கேள்விகளோடு போனோம். ஊரில் ஒரே கேள்விதான் இருந்தது: “மானாவாரி மணிலாவில் ஆறு சாலுக்கு ஒரு சால் துவரை போட்டால், மணிலாவில் குறைவதைத் துவரை ஈடு கட்டுமா?” அதையே எடுத்துக்கொண்டோம்.

இந்த இணைக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. துவரை முதல் இரண்டு மாதம் மிக மெதுவாக வளரும். அந்த நேரத்தில் மணிலா படர்ந்து, பூத்து, மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுதை இறக்கிவிடும். நூறு, நூற்றுப்பத்து நாளில் மணிலாவைப் பிடுங்கிய பிறகு, காலியான இடத்தின் வெளிச்சமும் மண்ணில் மீந்த ஈரமும் துவரைக்குச் சேரும். இருவரும் ஒரே நேரத்தில் பந்திக்கு உட்காராததால் சண்டை குறைவு. ஆனால் இது ஐந்தாறு மாதம் நிற்கும் நீண்ட வயது துவரைக்கே பொருந்தும். குறுகிய வயது துவரை மணிலா காய் பிடிக்கும் நேரத்தில் போட்டிக்கு வந்துவிடும்.

வேறு இணைகளும் உண்டு. எள்ளோடு உளுந்து அல்லது பச்சைப்பயறு போடுவார்கள். மணிலாவோடு கம்பு போட்டால் சுருள்பூச்சியின் தொல்லை குறைகிறது என்ற பரிந்துரை இருக்கிறது. தட்டைப்பயற்றைச் சிவப்புக் கம்பளிப்புழுவை இழுக்கும் கவர்ச்சிப் பயிராக ஊடே விதைப்பதும் பழக்கத்தில் உண்டு.

புதிதாகத் தொடங்குபவர்கள் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சிறந்தது ஆமணக்குதான். மணிலாவைச் சுற்றி வரப்போரமாக ஆமணக்கு நட்டால், புரோடீனியா என்னும் இலைதின்னிப் புழுவின் அந்துப்பூச்சி அகன்ற ஆமணக்கு இலையைத் தேடி வந்து, அடிப்புறத்தில் குவியலாக முட்டையிடும். முட்டைக்குவியல் பழுப்பு நிற மயிரால் மூடப்பட்டு, கம்பளித் துணுக்கு ஒட்டியதுபோல் இருக்கும். பொரிந்ததும் குஞ்சுப்புழுக்கள் கலையாமல் அதே இலையிலேயே கூட்டமாகச் சுரண்டித் தின்னும். இலை நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடைபோல் வெளிறிப்போகும். பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். அந்த ஓர் இலையைக் கிள்ளி எடுத்துவிட்டால் நூற்றுக்கணக்கான புழு போயிற்று. மூன்று நாள் தாமதித்தால் அவை வயல் முழுதும் இறங்கிவிடும். ஒன்று கவனம்: ஆமணக்கு விதையும் புண்ணாக்கும் நஞ்சு. ஆடு மாடு திரியும் இடத்தில் காய்களைச் சிந்த விடாதீர்கள்.

யாரிடம் போவது

சென்னைக்குள்ளேயே தொடங்கலாம். தரமணியில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1988 முதல் இயங்குகிறது. இயற்கை வேளாண்மையிலும் மரபு அறிவிலும் ஆய்வு செய்யும் இந்திய அறிவுமுறைகள் மையமும் சென்னையில்தான் இருக்கிறது. நகரை விட்டு இறங்கினால், காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்தும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. திண்டிவனத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். கடலை, எள் ரகப் பெயர்களில் ‘டி.எம்.வி.’ என்று முன்னால் வருவது திண்டிவனத்தைத்தான் குறிக்கும். ‘வி.ஆர்.ஐ.’ என்றால் விருத்தாசலம். ரகங்களைப் பற்றிய ஐயங்களை அங்கே கேட்பதே முறை.

அறிவியலாளரைப் பார்க்கப் போகும்போது ஒரு பக்கத்தில் கேள்வி, நிலத்தின் அளவு, எதை அளக்கப்போகிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். “இயற்கை விவசாயத்தைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் ஒரு துண்டுப் பிரசுரம் கிடைக்கும். “ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் துவரைச் சாலை மணிலாச் சாலுக்கு மாற்றாகப் போடுவதா, கூடுதலாக நுழைப்பதா?” என்று கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள்.

உழவர்களைப் பொறுத்தவரை, ஏற்கெனவே இயற்கை முறையில் செய்துவருபவர்களாகப் பாருங்கள். உங்கள் சோதனைக்காக ஒருவரை ரசாயனத்திலிருந்து மாறச் சொல்லாதீர்கள். மாறும் ஆண்டுகளில் விளைச்சல் ஏறி இறங்கும், அது ஊடுபயிரால் வந்ததா மாற்றத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. அருகருகே உள்ளவர்கள் ஐந்து பேருக்குக் குறையாமல் குழுவாகச் சேர்ந்தால் பங்கேற்பு உத்தரவாத முறையில் இயற்கை விளைபொருள் சான்றும் கேட்கலாம். ஒருவர் வயலை மற்றவர் பார்வையிடும் பழக்கம் அந்த முறையிலேயே இருப்பதால் ஆராய்ச்சிக்கும் அது கைகொடுக்கும்.

ஊருக்குப் போகும் வழி: தாம்பரம்-விழுப்புரம் பாசஞ்சர் மதுராந்தகத்திலும் அச்சிறுப்பாக்கத்திலும் நிற்கும். இல்லையென்றால் கிளாம்பாக்கத்திலிருந்து பஸ். காரில் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரயிலில் வந்த நாட்களில்தான் எங்களோடு உழவர்கள் அதிகம் பேசினார்கள்.

காகிதத்தில் முதல் வரி: நட்டம் யாருடையது

விதைக்கும் முன் ஒரு தாளில் சிலவற்றை எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, பள்ளிக்கூட நோட்டுத் தாள் போதும். விளைபொருள் முழுதும் உழவருக்கே. கலப்புப் பாத்தியின் வரவு, தனி மணிலாப் பாத்தியின் வரவைவிடக் குறைந்தால் அந்த வித்தியாசத்தைச் சென்னைத் தரப்பு கொடுக்கும். கூடினால் அதுவும் உழவருக்கு. அளக்க, எண்ண ஆகும் கூடுதல் வேலைக்குக் கூலி உண்டு. அளந்த கணக்கின் ஒரு படி உழவர் வீட்டில் இருக்கும். அவர் பெயரையும் வயலையும் வெளியே சொல்வது அவர் சம்மதித்தால் மட்டும்.

ஐந்து சென்ட் பாத்தியில் வித்தியாசம் பெரிய தொகையாக வராது. ஆனால் அது எழுதப்பட்டிருப்பது பேச்சின் தன்மையையே மாற்றிவிடும். எங்களுக்கு இது முதல் ஆண்டில் எழுதாமல் விட்டதால் வந்த ஞானம்.

அந்த ஆண்டு ஆனிக் கடைசியில் நல்ல மழை. உழவர்கள் விதைக்கத் தயார். எங்களில் ஒருவருக்கு அலுவலகத்தில் விடுப்பு இல்லை, இன்னொருவர் வீட்டில் நிச்சயதார்த்தம். நாங்கள் இல்லாமல் பாத்தி பிரிக்க வேண்டாம் என்று சொல்லி, ஆடி மூன்றாம் வாரம் வரை தள்ளிப்போட்டோம். “ஆடிப்பட்டம் தேடி விதை” என்று பழமொழியை வேறு எடுத்துவிட்டோம். விளைவு, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டபோது காய் முற்றி நிலத்துக்குள் இருந்தது. பிடுங்கப் போனால் பாதிக் காய் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டிருந்தது. பெரும்பாலான கொத்து மணிலா ரகங்களில் விதை உறக்கம் கிடையாது, முற்றிய காய் ஈரம் பட்டதும் முளைத்துவிடும் என்பதை அன்று சேற்றில் நின்று கற்றோம். ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. காம்பு இறுக்கிக்கொண்டிருந்தாரே, அந்த அக்கா மட்டும், “உங்கள் லீவுக்குத் தகுந்தாற்போல் மழை பெய்யாது” என்றார். நட்டத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். அதன் பிறகுதான் தாள் எழுதினோம். விதைப்பு நாளை உழவர் முடிவு செய்வார் என்பது அதில் இரண்டாம் வரி.

செங்கல்பட்டு, திண்டிவனம் பக்கம் மானாவாரி மணிலாவுக்கு நான் சொல்வது இதுதான்: ஆடி பிறக்கக் காத்திருக்க வேண்டாம். ஆனியில் உழவு மழை கிடைத்தால் விதைத்துவிடுங்கள். அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குள் காய் களத்துக்கு வந்துவிட வேண்டும்.

பாத்தி பிரிப்பது

முதலில் அளவுகளில் ஏமாறாதீர்கள். இந்தப் பக்கத்தில் காணி என்றால் 57,600 சதுர அடி, ஏறத்தாழ 1.32 ஏக்கர். குழி என்பது 576 சதுர அடி. அதே குழி வேறு மாவட்டங்களில் 144 சதுர அடி. உழவர் சொல்வது எந்தக் குழி என்று கேட்டு, டேப் பிடித்து மீட்டரில் எழுதுங்கள்.

ஒவ்வோர் உழவரிடமும் மூன்று பாத்திகள் வேண்டும்: மணிலா மட்டும், துவரை மட்டும், இரண்டும் கலந்தது. இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். “கலப்புப் பாத்தி மட்டும் போதுமே, தனிப் பயிரின் விளைச்சல்தான் எங்களுக்குத் தெரியுமே” என்பார்கள். போன ஆண்டு மழை வேறு, இந்த ஆண்டு மழை வேறு. மேட்டுக்கொல்லை வேறு, ஏரிக்கீழ் நிலம் வேறு. அதே ஆண்டில், அதே நிலத்தில், பக்கத்திலேயே தனிப்பயிர் நிற்காவிட்டால் உங்கள் கையில் இருப்பது அனுபவம், ஆராய்ச்சி இல்லை. தனிப்பாத்தி நிலத்தை வீணடிப்பதுபோல் தோன்றும். மூன்றில் மிகவும் மதிப்புள்ளது அதுதான்.

தனிப்பாத்தியும் முழு இயற்கை முறையில், அதே தொழுவுரத்தில், அதே நாளில் விதைத்ததாக இருக்க வேண்டும். ஒப்பீட்டுப் பாத்தி என்றால் ரசாயனம் போட்டது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு கேள்வி. தனித்துவரையை அதற்குரிய இடைவெளியில், ஓங்கி வளரும் ரகமானால் சாலுக்குச் சால் மூன்றடி விட்டு, நன்றாகவே செய்யுங்கள். தனிப்பயிரை நோஞ்சானாக வளர்த்து அதன் பக்கத்தில் கலப்புப் பயிரை வெற்றியாகக் காட்டுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் மோசடி.

பாத்தியின் அகலம் சால் கணக்கோடு பொருந்த வேண்டும். சாலுக்குச் சால் 30 செ.மீ. என்றால் ஆறு மணிலாவும் ஒரு துவரையும் சேர்ந்து ஏழு சால், 2.1 மீட்டர். இப்படி நான்கு பட்டை வைத்தால் 8.4 மீட்டர் அகலம். நீளம் 24 மீட்டர் வைத்தால் 201.6 சதுர மீட்டர், அதாவது ஐந்து சென்ட். மூன்று பாத்திக்கும் வரப்பு, வழி எல்லாம் சேர்த்து ஓர் உழவரிடம் பதினெட்டு சென்ட் கேட்டால் போதும்.

எந்தப் பாத்தி எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். இது சடங்கு போலத் தெரியும். ஆனால் சீட்டு இல்லாவிட்டால், நம் மனத்துக்குப் பிடித்த பயிர் வாய்க்கால் பக்கத்து நல்ல மண்ணுக்குத் தானாக நகர்ந்துவிடும். எங்கள் ஊரில் சீட்டு எடுப்பது குழந்தைகளின் வேலை. ஆறு வீட்டிலும் ஆறு தனிச் சீட்டு. இப்படிச் செய்தால் ஆறு உழவர்களும் ஒரே சோதனையின் ஆறு மறுபதிவுகள் ஆகிறார்கள்.

இன்னும் விரிவாகச் செய்ய ஆசை இருந்தால் தாய்-சேய் முறை என்று ஒன்று உண்டு. 1990களில் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் மண்வளச் சோதனைகளுக்காக உருவானது. ஒரு மையப் பாத்தியில், பெரும்பாலும் ஆராய்ச்சி நிலையத்தின் மேற்பார்வையில், எல்லா இணைகளையும் வைப்பார்கள், அது தாய். சுற்றியுள்ள உழவர்கள் அவரவர்க்குப் பிடித்த இரண்டு மூன்றை மட்டும் எடுத்துத் தங்கள் நிலத்தில் போட்டுப் பார்ப்பார்கள், அவை சேய்கள். முதல் ஆண்டில் இதற்குப் போகாதீர்கள்.

விதைப்பும் அதன் பிறகும்

மண் மாதிரியைச் சித்திரையிலேயே எடுத்துவிடுங்கள். மேலே உள்ள சருகை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டி, இரு பக்கமும் மேலிருந்து கீழாகச் சீவுங்கள். பத்து இடத்தில் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பகுதிகளைக் கழித்துக்கொண்டே வந்து அரைக் கிலோ ஆக்குங்கள். எருக்குழி, மரநிழல், வரப்போரம் வேண்டாம்.

மணிலாப் பருப்பு ஏக்கருக்கு 50 கிலோ கணக்கில், ஐந்து சென்ட் தனிப்பாத்திக்கு இரண்டரைக் கிலோ. கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நல்ல பூஞ்சாணம்) முதலில், பிறகு ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்த ரைசோபியம் (தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்). நிழலில் உலர்த்துங்கள். கையால் தேய்க்காமல் முறத்தில் புரட்டுங்கள், மணிலாவின் தோல் உரிந்தால் முளைப்பு போயிற்று.

மூன்று பாத்திக்கும் ஒரே பஞ்சகவ்யம், ஒரே நாள், ஒரே அளவு: பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லிலிட்டர். வேப்பங்கொட்டைச் சாறு தெளித்தாலும் மூன்று பாத்திக்கும் ஒரே நாளில், ஒரே அளவில். ஒரு பாத்திக்கு மட்டும் “பார்க்கப் பாவமாக இருந்தது” என்று கூடுதலாகத் தெளித்த உழவரும் உண்டு, தெளித்த சென்னைக்காரரும் உண்டு. தெளித்தால் நோட்டில் எழுதிவிடுங்கள், மறைக்காதீர்கள்.

ஜிப்சம் வாங்கும்போது கவனம். நாற்பதிலிருந்து நாற்பத்தைந்தாம் நாளுக்குள், மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ என்பது பரிந்துரை. ஐந்து சென்ட்டுக்கு 8 கிலோ. காய் திரள்வதற்குச் சுண்ணாம்புச் சத்தும் எண்ணெய்க்குக் கந்தகச் சத்தும் அதிலிருந்துதான். ஆனால் இயற்கை முறையில் சுரங்கத்திலிருந்து வெட்டியெடுத்த ஜிப்சத்துக்கு மட்டுமே இடம் உண்டு. உரத் தொழிற்சாலையில் கழிவாக வரும் பாஸ்போஜிப்சமும் அதே பெயரில், அதே வெள்ளைத் தூளாக விற்கப்படுகிறது. மூட்டையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மண் அணைப்பில் கலப்புப் பாத்தி ஒரு சிக்கலைக் காட்டும். விழுது மண்ணில் இறங்கத் தொடங்கிவிட்ட செடியை அசைக்கக் கூடாது. துவரைச் சாலை ஒட்டிய மணிலாச் சாலில் களைக்கொத்து திரும்ப இடம் போதாது. இதை நாங்கள் எந்தக் கையேட்டிலும் படிக்கவில்லை. களையெடுத்த பெண்கள்தான் சொன்னார்கள், கலப்புப் பாத்தியில் ஒரு சாலுக்கு ஆகும் நேரம் கூடுதல் என்று. அதன் பிறகு ஒவ்வொரு பாத்திக்கும் ஆள் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறிக்கிறோம். எங்கள் முடிவையே மாற்றிய எண் அது.

மழையை நீங்களே அளந்துகொள்ளுங்கள். மழைமானி வாங்க முடியாவிட்டால் நேர்ச்சுவர் கொண்ட டப்பாவும் ஸ்கேலும் போதும். தேங்கிய ஆழம் எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மழை. மீனம்பாக்கத்தின் மழைக்கணக்கு உங்கள் வயலுக்கு ஆகாது.

பதிவேட்டுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சிலைக் கயிற்றில் கட்டி உழவர் வீட்டு வாசலில் தொங்கட்டும். எழுதத் தயங்குபவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பட்டும். சென்னையில் இருப்பவர் அன்றிரவே அதை எழுத்தில் ஏற்ற வேண்டும். மறுநாள் என்று ஒதுக்கியது எங்களிடம் ஒருபோதும் ஏறியதில்லை.

அறுவடையும் தராசும்

பாத்தியின் ஓரச் செடிகளுக்கு வெளிச்சமும் ஈரமும் கூடுதல். அவற்றையும் சேர்த்து எடை போட்டால் எல்லாப் பாத்தியும் பொய் சொல்லும். இரு பக்கமும் ஒவ்வொரு பட்டையை விட்டு நடுவிலுள்ள இரண்டு பட்டை, அதாவது 4.2 மீட்டர், நீளத்தில் இரு முனையிலும் ஒவ்வொரு மீட்டர் விட்டு 22 மீட்டர். ஆக 92.4 சதுர மீட்டர். இதைத்தான் எடை போட வேண்டும். நான்கு மூலையிலும் முளை அடித்துச் சணலைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். முதலில் ஓரத்தைப் பிடுங்கி அப்புறப்படுத்திய பிறகே உள்ளே கை வையுங்கள்.

இந்த 92.4 சதுர மீட்டரை ஏக்கராக்க 43.8 ஆல் பெருக்க வேண்டும். அதாவது தராசில் நூறு கிராம் தவறினால் ஏக்கருக்கு நான்கு கிலோவுக்கு மேல் தவறும். கண் திட்டம், மூட்டைக் கணக்கு, மரக்கால் எதுவும் இங்கே உதவாது. ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை முதலில் வைத்துத் தராசைச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

எங்களுடைய பெரிய இழப்பு களத்தில்தான் நடந்தது. இரண்டாம் ஆண்டு, ஆறு வயலிலும் சேர்த்துப் பதினெட்டுப் பாத்தி. தனித்துவரைப் பாத்தி ஆறும் இன்னும் நின்றதால் களத்துக்கு வந்தது பன்னிரண்டு சாக்கு மணிலா. சாக்கின் வெளியே பேனாவால் எழுதியிருந்தோம். இரவு தூறல். காலையில் நீலக் கறை மட்டும்தான் இருந்தது. எந்தச் சாக்கு எவருடையது என்பது உழவர்களுக்குக் காயைப் பார்த்தே ஓரளவு தெரிந்தது. எது தனி, எது கலப்பு என்பது யாருக்கும் தெரியவில்லை. அந்த ஆண்டின் கணக்கு அதோடு முடிந்தது. இப்போது சாக்குக்குள் ஒன்று, வாய்க்கட்டில் ஒன்று என இரண்டு தகரத் துண்டுகள். எண்ணை ஆணியால் குத்தி வைக்கிறோம்.

பச்சைக்காய் எடை விளைச்சல் ஆகாது. ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு கிலோ பச்சைக்காயைத் தனியாக எடுத்து, உலர்ந்த பின் நிறுத்தால் அந்த விகிதத்தில் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். காய் உலர்ந்ததா என்பதைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், பருப்பு கலகலக்க வேண்டும். ஈரம் எட்டு சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் மூட்டை கட்டினால் பூஞ்சாணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிறகு 200 கிராம் காயை உடைத்துப் பருப்பை நிறுத்து, நூற்றுக்கு எத்தனை என்று எழுதுங்கள். செக்குக்கு அனுப்புவதானால் பாத்திவாரியாக ஆட்ட முடியாது, அவ்வளவு விளையாது. தனியெல்லாம் ஒரு செக்கு, கலப்பெல்லாம் ஒரு செக்கு என்று ஆட்டிப் பார்க்கலாம்.

கணக்கு

கலப்புப் பயிரை அளக்கும் கோல் நிலச் சமான விகிதம். கலப்பில் கிடைத்த மணிலாவைத் தனி மணிலாவால் வகுங்கள், துவரையை அப்படியே, இரண்டையும் கூட்டுங்கள். கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். தனி மணிலா 16 கிலோ, கலப்பில் 12.8 கிலோ: 0.80. தனித்துவரை 8 கிலோ, கலப்பில் 2.8 கிலோ: 0.35. கூட்டினால் 1.15. ஓர் ஏக்கர் கலப்பில் கிடைத்ததைத் தனித்தனியாக எடுக்க 1.15 ஏக்கர் வேண்டும் என்று பொருள். ஒன்றுக்குக் கீழே போனால் கலப்பது நட்டம். தனித்துவரைப் பாத்தியில் சால் இடைவெளி வேறு என்பதால் அதன் எடைபோட்ட பரப்பைத் தனியாக அளந்து, எல்லாவற்றையும் ஒரே பரப்புக்கு மாற்றிய பிறகே வகுக்க வேண்டும்.

ஆறு உழவர்களின் சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போட்டு, எத்தனை பேருக்கு ஒன்றுக்கு மேல் வந்தது என்று எண்ணுங்கள். கலப்பால் ஒரு பயனும் இல்லை, வருவது தற்செயல்தான் என்று வைத்துக்கொண்டால், ஆறு பேருக்கும் மேலே வருவது நாணயத்தை ஆறு முறை சுண்டி ஆறு முறையும் தலை விழுவதற்குச் சமம். 64-இல் ஒரு வாய்ப்பு. நான்கு பேருக்கு மேலே, இரண்டு பேருக்குக் கீழே என்றால் இன்னும் ஒன்றும் சொல்வதற்கில்லை. அந்த இரண்டு பேரின் மண்ணையும் மழையையும் போய்ப் பாருங்கள்.

விகிதம் நிலத்தைப் பற்றிப் பேசுகிறது, பணத்தைப் பற்றிப் பேசவில்லை. எங்களுக்கு ஓர் ஆண்டு விகிதம் ஒன்றைத் தாண்டியே வந்தது. களையெடுப்புக் கூலியையும் துவரையை இரண்டாம் முறை அறுத்து அடிக்கும் கூலியையும் கழித்தபோது, ஆறில் இரண்டு வீட்டில் தனி மணிலாவே மேல் என்று நின்றது. இரண்டுமே கூலிக்கு ஆள் வைக்கும் வீடுகள். வீட்டு ஆட்களே இறங்கி வேலை செய்யும் நான்கு வீடுகளில் கலப்பு வென்றது. எனவே இரண்டு பத்தி எழுதுங்கள், கூலியைச் சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று.

துவரை தையில்தான் வரும். மணிலா முடிந்ததும் சென்னைக்காரர்களின் உற்சாகம் வடிந்துவிடுவது வழக்கம். பாதிக் கணக்கோடு பொங்கல் கழிந்துவிடும். தை இரண்டாம் வாரத்துக்கு ஒரு டிக்கெட்டை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த துவரை மிளாறு கையைக் கிழிக்கும், பழைய முழுக்கைச் சட்டை ஒன்றும் எடுத்துப் போங்கள்.

துவரையை நிறுத்து முடித்த அன்று மாலையே, கோயில் திண்ணையிலோ களத்திலோ உட்கார்ந்து, ஆறு வீட்டுக் கணக்கையும் உரக்கப் படிக்க வேண்டும். பெயர் சொல்ல விரும்பாதவர்களுக்கு எண் மட்டும். நாங்கள் போன தையில் படித்தபோது, “கூலி வைக்கும் வீட்டுக்கு எட்டு சாலுக்கு ஒன்று என்று குறைத்துப் பார்க்கலாமே” என்றார் ஒரு மூத்தவர். எட்டும் ஒன்றும் ஒன்பது சால், 2.7 மீட்டர், நான்கு பட்டைக்கு 10.8 மீட்டர். ஐந்து சென்ட் வர நீளத்தை 18.7 மீட்டருக்குக் குறைக்க வேண்டும். பழைய முளைகளைப் பிடுங்கி அன்றே அளந்து அடித்துவிட்டோம்.